பெண்கள் கோப்பு என்று தனியாக ஒன்று கிடையாது: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடப் போகிறவர்களுக்கு

தலைமைச் செயலகத்தில் சர்வீஸ் முழுக்கக் கோப்பு போட்டுவிட்டுப் பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது நான் பிறப்பதற்கு முன்னால் அதே செயலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போட்ட கோப்புகளைப் படிக்கிறேன். நாத்தனார் மகள் ஆய்வுப் பட்டத்துக்குச் சேர்ந்தபோது துணைக்குப் போகத் தொடங்கினேன். அப்புறம் அவள் தோழிகள், அவர்களுடைய மாணவிகள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஆன்ட்டி, சுதந்திரத்துக்கு முன்னாடி பொதுவாழ்க்கையில இருந்த பெண்கள் பத்தின ஃபைல் எந்த டிபார்ட்மென்ட்ல இருக்கும்?”

எந்த டிபார்ட்மென்ட்டிலும் இருக்காது. சென்னை மாகாண அரசாங்கத்துக்குக் கள்ளுக்கடை தெரியும், கோவில் மானியம் தெரியும், சிறை தெரியும், நகராட்சி நியமனம் தெரியும். பெண்கள் அந்தக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு பெண்ணைத் தேடுகிறவர், அவர் என்ன செய்தார், அந்தக் காரியத்தால் எந்த அதிகாரிக்குத் தலைவலி வந்தது என்று யோசிக்க வேண்டும். தலைவலி வந்த இடத்தில்தான் காகிதம் சேரும்.

போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளில் இரண்டு மூன்றை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்திலிருந்து இறக்கி, அடிக்குறிப்புகளை மட்டும் படியுங்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு, எந்த அரசாணை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே அரசாணை எண் பல ஆய்வேடுகளில் வந்தால் அது முக்கியமான ஆவணமாக இருக்கலாம்; ஒருவர் போட்டதை அடுத்தவர் பார்க்காமல் எடுத்து எழுதியதாகவும் இருக்கலாம். மூலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆய்வேட்டின் முடிவுரையை இப்போது படிக்காதீர்கள். படித்தால் அவர்கள் கண்டதைத்தான் நீங்களும் காண்பீர்கள்.

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸாக வந்த சிவப்புக் கட்டடம். கல்லூரியிலிருந்தோ வழிகாட்டியிடமிருந்தோ தலைப்பைக் குறிப்பிட்டு வாங்கிய கடிதம், அடையாள அட்டை, பென்சில் ஆகியவை கையில் இருக்கட்டும். கடிதத்தில் தலைப்பைக் குறுக்கிவிடாதீர்கள். “தேவதாசி ஒழிப்பு” என்று மட்டும் எழுதினால், அறநிலையத்தையும் நிலவருவாயையும் பற்றிய கோப்புக் கட்டுகளைக் கேட்கும்போது “உங்க தலைப்புக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்” என்று கேள்வி வரும். “சென்னை மாகாணத்தில் பெண்களும் பொதுவாழ்வும், 1900 முதல் 1950 வரை” என்று அகலமாகப் போடுங்கள். கேமரா, நகல் விதிகள் அவ்வப்போது மாறும். உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுங்கள்.

முதல் நாளே கட்டு கேட்காதீர்கள். ஆண்டுவாரியாகத் துறைதோறும் அச்சிட்ட இண்டெக்ஸ் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றோடு உட்காருங்கள். ‘விமன்’ என்ற தலைப்பில் தேடினால் சிலது கிடைக்கும். பெரும்பாலும் பெண்கள் பள்ளி, பெண்கள் மருத்துவமனை என்று கட்டடம் சார்ந்ததாக இருக்கும். மனுஷிகள் வேறு தலைப்புகளில் ஒளிந்திருக்கிறார்கள். நான் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழித்தடம் இது.

1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்தார்களே, அது மாதிரியான விஷயத்துக்குக் கலால், பொதுத்துறை (செயலகத்தின் பப்ளிக் டிபார்ட்மென்ட்) இரண்டையும் பார்க்க வேண்டும். மறியலால் கடை ஏலத் தொகை குறைந்தால் கலால் அதிகாரி எழுதுவார், கூட்டம் கூடினால் கலெக்டர் எழுதுவார். பொதுத்துறையில் பதினைந்து நாளுக்கொரு முறை டில்லிக்குப் போன அரசியல் நிலவர அறிக்கைகளும் உண்டு. தேதி தெரிந்தால் அவை பெரிய உதவி. உதாரணமாக, பெரியாருக்குப் ‘பெரியார்’ பட்டம் கொடுத்த பெண்கள் மாநாடு 1938 நவம்பர் 13இல் சென்னையில் நடந்தது. அதைத் தொடர்ந்து இந்தி எதிர்ப்பு மறியலில் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் சிறை போனார்கள். அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நவம்பர் முதல் பாதி அறிக்கை, இரண்டாம் பாதி அறிக்கை, சிறைத்துறைக் கடிதங்கள், சட்டமன்றக் கேள்விகள் என்று நான்கு பக்கமும் போகலாம். பெயரைக் கொண்டு தேடுவதைவிடத் தேதியைக் கொண்டு தேடுவது இந்தக் காப்பகத்தில் எப்போதும் வேகம்.

சிறைக் காகிதங்களைச் சலிக்காமல் பாருங்கள். 1930க்குப் பிறகு கைதிகளை ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்தார்கள். எந்த வகுப்பு என்பதைத் தீர்மானிக்கச் சமூக நிலை, படிப்பு, பழகிய வாழ்க்கைத்தரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு பெண்ணுக்கு எந்த வகுப்பு என்று அதிகாரிகள் விவாதிக்கும் அரைப்பக்கக் குறிப்பில், கணவர் என்ன வேலை, அப்பா யார், இந்த அம்மாள் எது வரை படித்தவர் என்பதெல்லாம் வந்துவிடும். ஒரே மறியலில் கைதானவர்கள் வெவ்வேறு வகுப்பில் போனால், ஏன் என்று கேளுங்கள். போராட்டத்துக்குள் இருந்த சாதியும் வசதியும் அந்தக் காகிதத்தில் தெரிவதுபோல எந்த மேடைப் பேச்சிலும் தெரியாது. வேலூர் பெண்கள் சிறை என்ற பெயர் இந்தக் காலத்துக் கோப்புகளில் அடிக்கடி வரும்.

கோவில் சார்ந்த பெண்களைத் தேடினால் நிலவருவாய்ப் பக்கம் கட்டாயம் போக வேண்டும். தேவதாசி முறை என்றதும் எல்லோரும் சட்டசபை விவாதத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் 1929 இந்து அறநிலையத் திருத்தச் சட்டத்தின் உயிர் மானிய நிலத்தில் இருந்தது. கோவில் பணி செய்தால்தான் நிலம் என்ற கட்டை அது அவிழ்த்தது. யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்பதற்கு 1860களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் இருக்கின்றன. ஊர், சர்வே விவரம், பரப்பு, எந்தக் கோவில், என்ன பணி, அனுபவிப்பவர் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அனுபவிப்பவர் கட்டத்தில் பெண் பெயரைப் பார்க்கும்போது, ‘பொதுவாழ்வு’ என்பதை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்று உங்கள் தலைப்பையே திருத்தத் தோன்றும். தோன்றட்டும், திருத்துங்கள்.

நகராட்சி, தாலுகா போர்டு உறுப்பினர்களாகப் பெண்களை நியமித்தது உள்ளாட்சித் துறை. இது வறண்ட கோப்பு, வேகமாகப் புரட்டலாம். யார் சிபாரிசு செய்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு வருவோம். இண்டெக்ஸ் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் ஒரு பெண்ணைப் பிடிக்க, கணவர் பெயர், அப்பா பெயர், ஊர், பட்டம் எல்லாவற்றின் கீழும் பார்க்க வேண்டும். வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்று, பிற்பாடு 1946இல் அமைச்சரான ருக்மணி லட்சுமிபதியைக் கணவர் பெயரின் முதலெழுத்தில்தான் பல இடத்தில் தேட வேண்டியிருக்கும். (காப்பகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் மார்ஷல்ஸ் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் மட்டும் மார்ஷல்ஸ் ரோடு என்றே சொல்லுங்கள்.) முத்துலட்சுமி ரெட்டி சில இடத்தில் முத்துலட்சுமி அம்மாள், சில இடத்தில் திருமதி ரெட்டி, சில இடத்தில் டாக்டர். இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வெள்ளைக்கார அதிகாரி எழுதியிருந்தால் எழுத்துக்கூட்டல் எப்படியும் இருக்கலாம். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்த வடிவங்களையெல்லாம் அதில் எழுதிக்கொண்டே வாருங்கள். பெயரே இல்லாமல் “இன்னாரின் மனைவி” என்று மட்டும் வருகிறவர்களையும் அந்த நோட்டில் சேருங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு முன் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்தார்கள் என்பதற்காக நாடு முழுக்க ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. பெரும்பாலும் வட மாநிலங்களில்தான். ஆனாலும் அரசாங்கக் காகிதத்தில் பெயர் என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அந்த எண் நல்லது.

இனி கட்டு மேஜைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் என் சர்வீஸ் உதவுகிறது. மாணவிகள் அரசாணையை எடுத்து நகல் எழுதிக்கொண்டு கட்டை மூடிவிடுகிறார்கள். அரசாணை என்பது எல்லாச் சண்டையும் முடிந்தபிறகு சுத்தமாக டைப் அடித்து வைத்தது. சண்டை நோட் ஃபைலில் இருக்கிறது. செயலகக் கோப்பில் இரண்டு பாகம்: வெளியிலிருந்து வந்த கடிதங்கள், மனுக்கள், போன பதில்கள் எல்லாம் கரண்ட் ஃபைல், உள்ளே எழுத்தர் தொடங்கிச் செயலாளர், அமைச்சர் வரை அவரவர் எழுதிய கருத்து நோட் ஃபைல். பழைய கோப்புகளில் குறிப்புகள் அரசாணைக்குப் பின்னால் தைக்கப்பட்டிருக்கும் அல்லது அச்சிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து படியுங்கள். முதல் குறிப்பு கீழ்நிலை ஊழியர் எழுதியது. விதி, முன்னுதாரணம், பரிந்துரை என்று ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் ஒருவர் ஓரத்தில் “பேசவும்” என்று எழுதிக் கையெழுத்துச் சுருக்கம் போட்டிருப்பார். அடுத்த குறிப்பில் பரிந்துரை அப்படியே தலைகீழாக மாறியிருக்கும். நடுவில் அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது காகிதத்தில் இல்லை. ஆனால் இரண்டு தேதிக்கும் நடுவில் செய்தித்தாளில் என்ன வந்தது, யார் அமைச்சரைப் போய்ப் பார்த்தார் என்று நீங்கள் தேடலாம். நானே எத்தனையோ கோப்பில் அந்த “பேசவும்” வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு நோட் மாறினால் மாற்றியவருக்குக் காரணம் இருந்தது என்று அர்த்தம்.

தேதிகளைக் கவனியுங்கள். மூன்று நாளில் ஆறு மேஜை தாண்டிய கோப்பு மேலிடத்துக்குப் பயந்த கோப்பு. ஒரே மேஜையில் நான்கு மாதம் கிடந்தது, யாரும் தொட விரும்பாத கோப்பு.

கரண்ட் ஃபைலில் மனுக்களை விடாதீர்கள். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டு வந்தபோது, தேவதாசிகளின் சங்கங்கள் அதை எதிர்த்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தன. எதிர்த்தவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒரு வரியில் கடந்துவிடாமல், என்ன வாதம் வைக்கிறார்கள் என்று படியுங்கள். சொத்துரிமை, கல்வி, கலை எல்லாம் அதில் வரும். மனுவின் அடியில் கையெழுத்து எத்தனை, கைநாட்டு எத்தனை, கையெழுத்துகள் தமிழிலா தெலுங்கிலா, மனுவை எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மனு எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு நடை உண்டு. “சமூகத்தின் மேலான சித்தத்துக்கு” என்று தொடங்கி “பிரார்த்திக்கிறேன்” என்று முடிகிற அந்த நடையை அந்தப் பெண்ணின் சொந்தக் குரலாக எடுத்து மேற்கோள் போட்டு உருகாதீர்கள். நடைக்கு நடுவே திடீரென்று ஒரு தொகை, ஒரு தெருப்பெயர், ஒரு வசவு வரும். அதுதான் அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

சில கோப்புகள் கிடைக்காது. “நாட் டிரேஸபிள்” என்று சீட்டு திரும்பி வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முடித்து வைக்கும்போதே ஒவ்வொரு காகிதத்துக்கும் எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று குறித்துவிடுவது நம் அலுவலக வழக்கம். ஆர்.டிஸ். என்று குறி போட்டது நிரந்தரம். மற்றவை கெடு முடிந்ததும் அழிப்புக்குப் போகும். பெண் கொடுத்த தனி மனுக்களை முக்கியமில்லாத காகிதம் என்று முடித்திருந்தால் அவை என்றைக்கோ போயிருக்கும். ஆனால் அதே சங்கதி மாவட்டக் கலெக்டர் அலுவலகப் பதிவிலோ, சட்டசபைக் கேள்வியிலோ தங்கியிருக்கலாம்.

சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளில் நான் மிகவும் விரும்பிப் படிப்பது கேள்வி நேரம். சொற்பொழிவுகளை எல்லோரும் மேற்கோள் காட்டிவிட்டார்கள். 1927இல் அவையின் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டியின் பேச்சுகள் நூலாகவும் கட்டுரையாகவும் போதும் போதும் என்னுமளவுக்கு வந்தாயிற்று. கேள்விகள் சின்னதாக இருக்கும்: இந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை எத்தனை, அந்த ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் ஏன் இல்லை. அமைச்சர் சொல்லும் பதிலில் புள்ளிவிவரம் இருக்கும், துணைக்கேள்வியில் கோபம் இருக்கும். 1935 சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் எட்டுதான் பெண்களுக்கு. அந்த எட்டுப் பேரும் 1937க்குப் பிறகு எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவே இல்லை என்று ஒரு பட்டியல் போட்டாலே ஓர் அத்தியாயம் தேறும். ஒவ்வொரு தொகுதியிலும் பேசியவர் பெயர் இண்டெக்ஸ் இருப்பதால் வேலை சுலபம்.

பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெரியாரின் குடி அரசு இதழுக்குப் பெரியார் திடல், இவை போக கன்னிமாரா, மறைமலையடிகள் நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறையப் பழைய இதழ்கள் வீட்டிலிருந்தே கிடைக்கும். வை.மு. கோதைநாயகி நடத்திய ஜகன்மோகினி, இந்திய மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மா எதுவானாலும் தலையங்கத்தோடு நிற்காதீர்கள். ஏஜெண்டுகள் பட்டியல், சந்தா நினைவூட்டல், வாசகர் கடிதம், சங்கக் கூட்ட அறிவிப்பு இவற்றில்தான் எந்தச் சின்ன ஊரில் யார் வாசித்தார்கள் என்று தெரியும். குடி அரசில் சுயமரியாதைத் திருமணச் செய்திகளை வரிசையாகப் படியுங்கள். யார் தலைமை, எந்தப் பெண் பேசினார், எந்த ஊர் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினால் தலைவர்கள் பட்டியலில் இல்லாத பேச்சாளர்கள் கிடைப்பார்கள். காப்பகத்தில் இருக்கும் பத்திரிகைச் சுருக்க அறிக்கைகள் வேறு ரகம். தமிழ்ப் பத்திரிகையில் வந்ததை அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சுருக்கியது அது. மூல இதழ் காணாமல் போயிருந்தால் அதுவே கதி, ஆனால் ராஜத்துரோகம் தேடிய கண்ணால் படித்தது என்பதை மறக்கக்கூடாது.

இதழ்களில் தமிழ் வருஷ மாதம் மட்டும் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் முதலாவதான பிரபவ 1927 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. விபவ 1928, சுக்கில 1929, பிரமோதூத 1930 என்று எண்ணிக்கொண்டே போகலாம். கவனம் வேண்டியது மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரை: பிரமோதூத தை என்றால் 1930 இல்லை, 1931 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதம். உப்பு சத்தியாகிரகக் காலத்தில் ஓராண்டு தப்பினால் கதையே மாறிவிடும்.

தனியார் தாள்களுக்கு வெளியூர் போக வேண்டியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டியின் தாள்கள் டில்லி தீன்மூர்த்தி பவனில், முன்பு நேரு நினைவு நூலகம் என்று இருந்த இடத்தில் இருக்கின்றன. வாய்மொழிப் பதிவுக்கும் படங்களுக்கும் 1988இல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடும்பங்களில் டிரங்குப் பெட்டியில் கிடப்பவற்றைக் கேட்டுப் போகும்போது, ஒரிஜினலை வாங்கி வராதீர்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள். பாட்டியின் கடிதத்தில் குடும்பம் மறைக்க விரும்புகிற விஷயம் இருந்தால் அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள். அச்சான பிறகு பேசினால் சண்டைதான்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்தில், காப்பகத்துக்கு இன்னும் வராமல் துறையிலேயே இருக்கும் கோப்புகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. பலருக்குத் தெரியாத பிரிவு 8(3): இருபது ஆண்டுக்கு முந்தைய சம்பவம் பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவைத் தாள் ஆகிய மூன்று விலக்குகள் தவிர மற்றவை பொருந்தாது. 1989இல் பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் போன்றவற்றின் கோப்புகளைக் கேட்கும்போது மனுவிலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுவிடுங்கள். “நோட் ஃபைலும் சேர்த்து” என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாவிட்டால் அரசாணை நகலை மட்டும் அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவார்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

குறிப்பு எடுக்கும்போது அரசாணை எண்ணை மட்டும் எழுதினால் அதனால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து எண் போடும். 412ஆம் எண் அதே ஆண்டில் பல துறைகளில் இருக்கும். எண், எம்.எஸ்.ஸா மிஸ்.ஸா என்ற வகை, துறை, முழுத் தேதி நான்கும் வேண்டும். நோட் ஃபைலிலிருந்து எடுத்த வரியானால், எழுதியவரின் பதவியும் குறிப்பின் தேதியும் கூடவே. கையெழுத்துச் சுருக்கத்தை மட்டும் பார்த்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள். அந்த ஆண்டின் சிவில் லிஸ்ட்டை, அதாவது அதிகாரிகள் பட்டியலை எடுத்து, அந்தத் தேதியில் அந்த நாற்காலியில் யார் இருந்தார் என்று சரிபார்த்துவிட்டுப் பெயர் போடுங்கள். சிவில் லிஸ்ட்டும் அதே காப்பகத்தில்தான் கிடைக்கும், தனிச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.